நூற்று முப்பத்தேழால் வகுபடும் ஊர்

அத்தியாயம் 7

தேக்கம்பாறைச் சாவடியில் இருந்த இரும்புப் பெட்டிக்கு நாலு சக்கரம். ஒவ்வொரு சக்கரத்திலும் பூஜ்யத்திலிருந்து ஒன்பது வரை. நம்பர் தெரியாதவன் அதைத் திறக்க வேண்டுமென்றால் பத்தாயிரம் தடவை திருகிப் பார்க்க வேண்டும். தடவைக்கு மூன்று விநாடி என்றாலும் எட்டு மணி இருபது நிமிஷம். நான் பதினோரு வருஷம் தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன். கணக்கு எனக்குக் கொட்டாவி மாதிரி, கேட்காமலே வரும்.

"எட்டு மணி இருபது நிமிஷம் மேடம்," என்றேன்.

"அவ்ளோ நேரம் இந்தச் சாவடி காலியா இருக்குமா மாயவா?"

சுற்றிப் பார்த்தேன். ஆடுபுலி ஆட ரெண்டு பேர், அதை வேடிக்கை பார்க்க ஒன்பது பேர், அந்த ஒன்பது பேருக்கும் யோசனை சொல்ல ஒருத்தர். ராத்திரியானால் பெட்டிக்கு அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் ஒருவர் காவலுக்குப் படுப்பார்களாம். நன்றாகத் தூங்கும் காவல்தான். ஆனாலும் காதோரம் பத்தாயிரம் 'டிக்' கேட்டால் யாரும் எழுந்துவிடுவார்கள்.

"அப்ப திருடன் திருகிப் பார்க்கல. நம்பர் தெரிஞ்சே திறந்திருக்கான்," என்றார் கண்ணகி.

கண்ணகி என் முதலாளி. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஓர் உரக்கடை மாடியில் துப்பறியும் நிலையம் வைத்திருக்கிறார். கீழே யூரியா, மேலே உண்மை. யூரியாவுக்குத்தான் கூட்டம் வரும்.

"நம்பர் தெரிஞ்ச ஆளு ஊர்ல ஒரே ஆளுதான்," என்றார் சப்-இன்ஸ்பெக்டர் அம்சவள்ளி. தூணோரம் குந்தியிருந்த வேடியப்பனை லத்தியால் காட்டினார். "அந்த ஆளையும் நீங்களே காட்டிக் குடுத்துட்டீங்க. பதினோரு மணிக்கு ஜீப்புல ஏத்தறேன். அது வரைக்கும் நீங்க துப்பறிஞ்சுக்கலாம்."

மணி ஒன்பதே கால்.

விஷயம் இதுதான். தேக்கம்பாறையில் நாற்பத்தொரு குடும்பம். மலைச்சரிவு நிலம் அவர்களுடையது என்பதற்கு ஜாகீர்தார்கள் மலையை ஆண்ட காலத்து ரசீதும் அதற்குப் பிறகு வந்த பட்டாக்களும் மட்டுமே ஆதாரம். அந்தச் சரிவில் நின்று பார்த்தால் மேகம் காலுக்குக் கீழே போகும். மேகத்தைப் பார்த்துக்கொண்டே காபி குடிக்க ஆசைப்படுகிறவர்களுக்காக ஒரு ரிசார்ட் கம்பெனி அந்த நிலத்தைக் கேட்டு மனுப் போட்டிருந்தது. இன்று மாலை மூன்று மணிக்குக் கள்ளக்குறிச்சியில் கடைசி விசாரணை. காகிதம் இருந்தால் நிலம் ஊருக்கு. இல்லாவிட்டால் மேகம், காபி எல்லாம் கம்பெனிக்கு.

நாலு நாளுக்கு முன்னால் வக்கீலுக்குக் காட்டுவதற்காகப் பெட்டியைத் திறந்திருக்கிறார்கள். பூட்டு உடையவில்லை. உள்ளே பழைய செய்தித்தாள், அதே கனத்துக்கு, ஒழுங்காக மடித்து வைக்கப்பட்டிருந்தது.

பெட்டியின் நம்பரை வைத்தவர் வேடியப்பன். முன்பெல்லாம் சாவிப் பூட்டுதானாம். சாவி மேலத்தெருவிடமா கீழத்தெருவிடமா என்று மூன்று திருவிழா நின்று போயிற்று. கடைசியில் நம்பர் பூட்டு வாங்கி, ரெண்டு தெருவுக்கும் பொதுவான ஆளாக வேடியப்பனைப் பிடித்து, நம்பரை எவரிடமும் வாயால் சொல்வதில்லை என்று கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் வாங்கியிருக்கிறார்கள்.

அந்த ஆளுக்குத்தான் இப்போது நாலு நாளாக ஊரில் யாரும் தண்ணீர் கூடத் தருவதில்லை. கடையில் உப்பு இல்லை என்கிறார்கள். உப்பு மூட்டை வாசலிலேயே இருக்கிறது.

எங்களைக் கூட்டி வந்தது அவர் மனைவி செவ்வந்தி. முந்தின நாள் மலையிறங்கி வந்து எங்கள் மாடிப்படியில் உட்கார்ந்து, "எம் புருசன் திருடன் இல்லீங்க" என்பதை ஏழெட்டு விதமாகச் சொன்னார். சாவடியிலும் அவர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"கட்டிக்கினு ஆறு வருசம் ஆவுது. தூக்கத்துல கேட்டேன், சொல்லல. கள்ளு குடிச்சிருந்தப்ப கேட்டேன், சொல்லல. புள்ள மேல கை வெச்சுக் கேட்டேன், ஏந்து வெளிய பூட்டாரு. எங்கிட்டயே சொல்லாதவரு வேற யார்கிட்ட சொல்லிடுவாரு?"

ஒரு மனைவி ஆறு வருஷம் துளைத்தும் வெளியே வராத ரகசியம். இதைவிட நல்ல சாட்சியம் எந்தக் கோர்ட்டிலும் கிடைக்காது என்று எனக்குத் தோன்றியது. அம்சவள்ளிக்குத் தோன்றவில்லை.

கண்ணகி வேடியப்பன் எதிரில் போய் உட்கார்ந்தார். "யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"வாயால சொல்லலீங்க." உதடு வெடித்திருந்தது.

"எழுதிக் காட்டினீங்களா?"

"எழுதலீங்க. அந்த நாலு நம்பர நான் இதுவரிக்கும் ஒரு காயிதத்துல எழுதுனதே இல்ல."

கண்ணகி என் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து அவரிடம் கொடுத்துவிட்டு, தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். திரும்பியபோது புருவம் சுருங்கியிருந்தது.

"எல்லா வூட்டு நிலையிலயும் மஞ்சள் அட்டை ஒண்ணு தொங்குதே, அது இன்னாங்க?"

ஊர்த்தலைவரான ஊர்க்கவுண்டர் கொளஞ்சியப்பன் நிமிர்ந்து உட்கார்ந்தார். நாலு நாளில் அவர் சந்தோஷமாகப் பேசக் கிடைத்த முதல் விஷயம் இது என்று முகம் சொல்லியது.

"அது பரிகார எண்ணுங்க. கள்ளக்குறிச்சி எண்சித்தர் தெய்வசிகாமணி அய்யா போன மாசம் இங்க வந்து ரெண்டு நாளு தங்கி இலவசமா முகாம் போட்டாரு. இதே சாவடியிலதான் படுத்துக்கினாரு. எவ்ளோ பெரிய மனுசன்! 'உங்க உசுருக்குச் சமமா ஒரு நாலு இலக்க நம்பர் வெச்சிருப்பீங்க, அத எங்கிட்ட சொல்லவே சொல்லாதீங்க'ன்னாரு. கண்ண மூடிக்கினாரு."

"அப்புறம்?"

"ஆளுக்கு ஒரு கால்குலேட்டர். நம்பர ரெண்டு தபா பக்கத்துல பக்கத்துல அடிக்கணும். எட்டு இலக்கமாச்சா? அத எழுவத்திமூணால வகுக்கணும். அய்யா எழுவத்திமூணு எல்லாத்தையும் தனக்குள்ள வாங்கிக்கிற தெய்வ எண்ணுன்னாரு. நம்பர்ல தோசம் இருந்தா புள்ளி வெச்சிப் பின்னம் வரும், சுத்தமான நம்பர்னா முழுசா நிக்கும். நாப்பத்தியோரு வூட்லயும் ஒருத்தருக்குக்கூடப் புள்ளி வரல! அப்டி ஒரு சுத்தமான ஊருங்க இது. வர்ற விடைய மட்டும் சொன்னோம். அத மஞ்ச அட்டைல எழுதிக் குடுத்தாரு."

அம்சவள்ளி தோள் பையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டார். ஏன் என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

"மாயவா, ஒரு நாலு இலக்கம் சொல்லு."

"2765. நான் கடைசியா ஓட்டின பஸ்."

"நீ ஓட்டலை. கண்டக்டர்."

"நான் விசில் குடுக்காம அது ஒரு அடி நகராது மேடம்."

"ரெண்டு தடவை எழுதி எழுபத்திமூணால வகு."

27652765. செல்போனில் தட்டினேன். 378805. புள்ளி இல்லை. முழுசாக நின்றது. எனக்குக் கையில் முடி சிலிர்த்துக்கொண்டது. அந்த பஸ்ஸை எப். சி.யில் மூன்று தடவை திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். அதற்கே தோஷம் இல்லையென்றால் இது தெய்வச் செயல்தான்.

"இப்ப ஒரு தடவை மட்டும் எழுதி வகு."

2765-ஐ 73-ஆல் வகுத்தேன். முப்பத்தேழு, புள்ளி, அதற்குப் பிறகு திரை முடியும் வரை எண்கள்.

"அப்ப அற்புதம் எழுபத்திமூணுல இல்ல," என்றார் கண்ணகி. "ரெண்டு தடவை எழுதுறதுலதான் இருக்கு. ஒருத்தர் ரெண்டு பேர் அட்டையைக் கொண்டாங்க. முகாம்ல இன்னா நம்பர் அடிச்சீங்கன்னும் சொல்லணும்."

டீக்கடை ராஜாம்பாள் முதலில் வந்தார். "எம் போன் நம்பர்ல கடைசி நாலுதாம்மா. அத விட்டா எங்கிட்ட இன்னா நம்பர் இருக்குது? 2308." அட்டையில் 316196. கொளஞ்சியப்பனும் போன் நம்பரின் வால்தான், 9150. அட்டையில் 1253550.

"அட்டையை நம்பரால வகு."

வகுத்தேன். ராஜாம்பாளுக்கு நூற்று முப்பத்தேழு. கவுண்டருக்கும் நூற்று முப்பத்தேழு. ஓடிப் போய் இன்னும் நாலு வீட்டில் கேட்டு வந்தேன். அங்கேயும் அதேதான். மேலத்தெரு, கீழத்தெரு வித்தியாசமே இல்லை. மூன்று திருவிழா நின்று போன ஊரில் நான் பார்த்த முதல் ஒற்றுமை அது.

"ஊரே நூத்தி முப்பத்தேழால வகுபடுது மேடம்."

கண்ணகி வேடியப்பன் வீட்டு நிலைப்படிக்குப் போனார். அட்டையில் இருந்தது 570331. என் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். நான் மனசுக்குள் வகுத்து அவர் காதில் சொன்னேன். அவர் நேராகச் சாவடிக்கு வந்து, பெட்டி முன்னால் உட்கார்ந்து, நாலு சக்கரத்தையும் திருப்பினார். நாலு. ஒன்று. ஆறு. மூன்று.

மூடி திறந்துகொண்டது.

வேடியப்பன் தூணைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அம்சவள்ளி அதைவிட வேகமாக எழுந்து கண்ணகியின் கையைப் பிடித்துவிட்டார். "ஓ, நீங்கதானா அது! துப்பறியறேன்னு சொல்லிக்கினு திரும்பியும் வந்திருக்கீங்க!"

"ஆமா, எடுத்த காயிதத்தை எங்கே வெச்சோம்னு மறந்து போச்சு, கேட்டுட்டுப் போலாம்னு வந்தோம்," என்றேன். லத்தி என் பக்கம் திரும்பியது. நான் ராஜாம்பாளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

கண்ணகி கையை விடுவித்துக்கொள்ளக்கூட இல்லை. மறு கையால் ஒரு கரித்துண்டை எடுத்துச் சாவடித் தரையில் எழுதினார்.

"4163-ஐ ரெண்டு தடவை எழுதினா இன்னா ஆவும்? நாலு கோடியே பதினாறு லட்சத்து முப்பத்து நாலாயிரத்து நூத்து அறுபத்து மூணு. பெரிய நம்பரு, பார்த்தா பயமா இருக்கு. ஆனா உள்ள இருக்கறது 4163 மட்டும்தான். அதுவே பத்தாயிரம் மடங்கு ஒரு பக்கம், ஒரு மடங்கு இன்னொரு பக்கம். மொத்தம் பத்தாயிரத்து ஒரு மடங்கு. எந்த நாலு இலக்கத்தை ரெண்டு தடவை எழுதினாலும் இதே கதைதான்."

"சரி," என்றார் அம்சவள்ளி, பிடி தளராமல்.

"பத்தாயிரத்து ஒண்ணு ரொம்ப யோக்கியமான நம்பர் மாதிரி நிக்கும். ரெண்டால வகுபடாது, மூணால வகுபடாது. அஞ்சு, ஏழு, பதினொண்ணு, பதிமூணு, எதைக் கொண்டு போனாலும் கதவைத் திறக்காது. ஆனா உள்ளுக்குள்ள ரெண்டு பேர் ஒளிஞ்சிருக்காங்க. எழுபத்திமூணும் நூத்தி முப்பத்தேழும். பெருக்கிப் பார்த்தா சரியா பத்தாயிரத்து ஒண்ணு வரும். சித்தர் உங்க கையாலேயே எழுபத்திமூணை வெளிய அனுப்பிட்டாரு. மிச்சம் நிக்கறது உங்க ரகசியம், நூத்தி முப்பத்தேழு மடங்கா. அவரு வூட்டுக்குப் போய் ஒரே ஒரு தடவை வகுத்தா போதும். புள்ளி வராதது உங்க சுத்தத்தால இல்லீங்க. எமனே வந்து அவனோட நம்பரை அடிச்சாலும் வராது."

ஆடுபுலி ஆட்டத்தில் இருந்தவர்கள்கூடக் காயை வைத்துவிட்டார்கள். தன் ஊர் சுத்தமான ஊர் இல்லை என்பதைத்தான் கொளஞ்சியப்பனால் முதலில் தாங்க முடியவில்லை என்று நினைக்கிறேன்.

"எல்லாரும் போன் நம்பரை அடிச்சீங்க," என்றார் கண்ணகி வேடியப்பனிடம். "நீங்க மட்டும்..."

"உசுருக்குச் சமமான நம்பருன்னாருங்களே," என்றார் வேடியப்பன். "எனுக்கு அது ஒண்ணுதானே. நீ காக்குற நம்பர்ல தோசம் இருந்தா ஊருக்கே ஆவாதுடான்னு தனியாக் கூப்புட்டு வேற சொன்னாரு. நான் சொல்லலீங்க. சத்தியமா வாயால சொல்லல."

"சொல்லல. உங்களை விட நேர்மையா அதைக் காப்பாத்த யாராலயும் முடியாது. அதனாலதான் அவரு உங்களைத் தேடி மலையேறி வந்தாரு."

ராத்திரியில் ரெண்டு பேர் நடுவே பெட்டி, அவர்களுக்கு ரெண்டடி தள்ளிச் சித்தர். பத்தாயிரம் 'டிக்' தேவையில்லை. நாலு போதும். கம்பெனி எவ்வளவு பேசியது என்பது எனக்குத் தெரியாது, ஆனால் மலையேறி வந்து தரையில் படுக்கிற அளவுக்குப் பேசியிருக்கிறது.

அம்சவள்ளி கையை விட்டார். தொண்டையைச் செருமினார். "சரி. ஆனா காயிதம் இன்னும் கைக்கு வரலியே. மூணு மணிக்கு இந்தக் கரியில எழுதுன கணக்கையா காட்டுவீங்க?"

மணி பத்தே முக்கால். ஜீப்பில் வேடியப்பனை ஏற்றத்தான் செய்தார்கள், ஆனால் முன் சீட்டில். ஊர் மொத்தமும் பின்னாலேயே ஒரு லோடு வேனில் ஏறியது. கச்சிராயபாளையம் வரை வளைவு வளைவாக இறங்குகிற ரோட்டில் எனக்கு ரெண்டு தடவை குமட்டியது. செவ்வந்தி ஒரு எலுமிச்சம்பழத்தை என் கையில் வைத்து, "மோந்துக்கினே வாங்க" என்றார்.

எண்சித்தர் தெய்வசிகாமணியின் ஆராய்ச்சி நிலையம் கள்ளக்குறிச்சியில் ஒரு நகைக்கடை மாடியில் இருந்தது. வரவேற்பறையில் குளிர்சாதனம். பதினெட்டுப் பேர் கால்குலேட்டரோடு காத்திருந்தார்கள். அதில் ஒருவர் கணக்கு வாத்தியார். எனக்குத் தெரிந்தவர் என்பதால் பெயரைச் சொல்லவில்லை.

சித்தருக்கு ஐம்பது வயதிருக்கும். மழுங்கச் சிரைத்த முகம், மஞ்சள் பட்டு. எங்களைக் கண்டதும் முகத்தில் ஒரு சுளிப்புமில்லை. "தாராளமா தேடுங்க. எழுதியே தரேன்," என்று அழகான கையெழுத்தில் சம்மதம் எழுதிக் கொடுத்தார். இவ்வளவு தெம்பாக இருக்கிறவன் வீட்டில் பொருள் இருக்காது, அல்லது எடுக்க முடியாத இடத்தில் இருக்கும்.

எடுக்க முடியாத இடம்தான். பூஜையறைச் சுவரில் பதித்த ஒரு இரும்பு லாக்கர். பொத்தான் வைத்தது, நாலு இலக்கம்.

"இதோட நம்பர் மட்டும் மறந்து போச்சும்மா," என்றார் சித்தர். "தியானத்துல இருக்கறவனுக்கு லௌகீகம் நிக்கறதில்ல. மெட்ராஸ்லேர்ந்து கம்பெனி ஆளு நாளை மறுநாள் வருவாரு. ஒண்ணே ஒண்ணு, மூணு தரம் தப்பா அழுத்தினா அப்புறம் ஒரு நாள் முழுக்கத் திறக்காது."

மணி இரண்டு அடிக்கப் பத்து நிமிஷம்.

அம்சவள்ளிக்குப் பொறுக்கவில்லை. 1234 என்று அழுத்தினார். சிவப்பு விளக்கு. சித்தரின் அடையாள அட்டையை வாங்கி, பிறந்த தேதியையும் மாசத்தையும் சேர்த்து அழுத்தினார். மறுபடி சிவப்பு. சித்தர் கண்ணை மூடிப் புன்னகை செய்தார். வாசலில் நின்ற வேடியப்பன் சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டார். அந்த மனுஷனைப் பார்க்க எனக்கே பொறுக்கவில்லை. நாலு நாள் ஊரே ஒதுக்கி வைத்தபோதுகூட அவர் அப்படி உட்காரவில்லை.

கண்ணகி லாக்கரைப் பார்க்கவே இல்லை. பூஜையறை நிலைக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே சந்தனம் வைத்து, பூச்சரம் சுற்றி, ஒரு மஞ்சள் அட்டை தொங்கியது.

772543.

"அய்யா, இது யாரோட பரிகார எண்?"

சித்தரின் புன்னகை முதல் தடவையாக இடம் மாறியது. "அது... சும்மா. பக்தர்களுக்கு மாதிரி காட்ட."

"மாதிரிக்கா இத்தனை சந்தனம்? மாயவா!"

நான் வகுத்துவிட்டேன். ரெண்டாவது தடவையும் வகுத்தேன். மூன்றாவது தடவை விடையை நூற்று முப்பத்தேழால் பெருக்கிச் சரிபார்த்தேன். பதினோரு வருஷத்தில் ஒரு கணக்கையும் இப்படிப் பயந்து போட்டதில்லை. ஒவ்வொரு பொத்தானாக அழுத்தினேன். ஐந்து. ஆறு. மூன்று. ஒன்பது.

பச்சை விளக்கு.

"இன்னாய்யா இது!" அம்சவள்ளி சித்தரைப் பார்த்துக் கத்தினார். "ஊரை ஏமாத்தறதுக்கு நீயே கட்டின கதை. அதை நீயேவா நம்பினே?"

தெய்வசிகாமணி பட்டு மடியும்படி நாற்காலியில் சரிந்தார். முதல் தடவையாக அவர் குரலில் நடிப்பு இல்லை. "வந்தவங்க எல்லாம் திரும்பி வந்து பலிச்சுது பலிச்சுதுங்கறாங்க மேடம். ஒருத்தருக்குப் புள்ள பொறந்துச்சு. ஒருத்தருக்கு பத்து வருசக் கேஸ் முடிஞ்சுது. நாலு வருசமா இதையே கேட்டுக்கினு இருந்தா யாருக்குத்தான்... ஒரு வேளை நெசமாவே இருக்குமோன்னு எனக்கும் ஒண்ணு மாட்டிக்கினேன்."

நான் சிரிக்கவில்லை. எலுமிச்சம்பழத்தை மோந்தேன்.

உள்ளே தேக்கம்பாறைக் காகிதங்கள் சணல் கயிறு கட்டியபடி அப்படியே இருந்தன. கம்பெனி முழுப் பணத்தையும் கையில் வைக்கும் வரை அவற்றை விட்டுக்கொடுக்க அவருக்கு மனமில்லை போலிருக்கிறது. வேடியப்பன் அதை இரண்டு கையாலும் வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். காகிதத்துக்கு அடியில் ஒரு நீள நோட்டுப் புத்தகம். பெயர், எதிரே நாலு இலக்கம். பீரோ பூட்டு, போன் பூட்டு, பெட்டிப் பூட்டு என்று கள்ளக்குறிச்சியின் பாதி ரகசியம் அதில் இருந்தது. அம்சவள்ளி பக்கங்களைப் புரட்டிக்கொண்டே வந்து 'அ' வரிசையில் ஒரு இடத்தில் நின்றார். தோள் பையைத் திறந்தார். மடித்த மஞ்சள் அட்டை ஒன்றை எடுத்துச் சுக்குநூறாகக் கிழித்தார்.

"நான் ஒண்ணும் பார்க்கல மேடம்," என்றேன்.

"பார்த்திருந்தா லாக்கப்தான்," என்றார்.

இரண்டு நாற்பத்தெட்டுக்கு விசாரணை அறைக்குள் போய்ச் சேர்ந்தோம். கம்பெனி வக்கீல் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதிகாரி காகிதங்களைப் புரட்டினார். தாளுக்குத் தாள் முகம் மாறியது. கடைசித் தாள் வந்ததும் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார்.

"எல்லாம் சரியா இருக்கு. மூணு மணிக்குள்ள பதிவு ஏத்தணும், அதுக்கு மேல சிஸ்டம் வாங்காது. ஆவணப் பொறுப்பாளர்னு ஒருத்தர் பேரும் போன் நம்பரும் வேணும். யாரு?"

எல்லோரும் கொளஞ்சியப்பனைப் பார்த்தார்கள். ஊர்க்கவுண்டர், பட்டையான மீசை, மடிப்புக் கலையாத வேட்டி. அவர் பெயரைத்தான் போடுவார்கள் என்று நானும் நினைத்தேன். அவர் துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

"வேடியப்பன்," என்றார். "அவன் பேரப் போடுங்க சாமி."

அதிகாரி தட்டினார். வேடியப்பன் சட்டைப் பையில் போன் மணி அடித்தது.

"ஓ. டி. பி. வந்திருக்கும். நாலு நம்பர். சொல்லுங்க."

வேடியப்பன் போனைப் பார்த்தார். திரையைத் திருப்பி நெஞ்சோடு வைத்துக்கொண்டார்.

"சொல்லுங்கய்யா!"

"அய்யா மன்னிக்கணும். நான் நம்பர வாயால சொல்றதில்லீங்க."

கடிகாரத்தில் இரண்டு ஐம்பத்து நாலு. அதிகாரி பேனாவை மேஜையில் போட்டார். "விளையாடறீங்களா? சொல்லலைன்னா பதிவு ஆவாது. ஆவலைன்னா உங்க நிலம் போச்சு!" கம்பெனி வக்கீல் பைலை மூடிவிட்டு ரொம்ப அன்பாகப் புன்னகை செய்தார். நான் கண்ணகியைப் பார்த்தேன். அவர் கொளஞ்சியப்பனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வேடியப்பனுக்கு நெற்றியெல்லாம் வேர்வை. "நான் ஒருக்கா ஏமாந்துட்டேன் சாமி. இன்னொரு தபா ஊரக் குடுக்க மாட்டேன்."

கொளஞ்சியப்பன் மேஜைக்கு முன்னால் வந்தார். "அந்தத் தட்டுற பலகைய அவங்கிட்ட குடுங்க. அவனே போட்டுக்குவான்."

"ரூல்ல அப்படி இல்ல."

"ரூல்ல காயிதத்தத் திருடுறதும் இல்லீங்க சாமி," என்றார் கவுண்டர்.

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், பலகையை நகர்த்தி வைத்தார். வேடியப்பன் குனிந்தார். கொளஞ்சியப்பன்தான் முதலில் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார். அவரைப் பார்த்து ராஜாம்பாள். அப்புறம் மேலத்தெரு, அப்புறம் கீழத்தெரு. நாற்பத்தொரு வீட்டு ஜனமும் மொத்தமாக முதுகைக் காட்டித் திரும்பி நின்றது. அதிகாரியும் வேறு வழியில்லாமல் ஜன்னலைப் பார்த்தார். கம்பெனி வக்கீல் மட்டும் எட்டிப் பார்த்தார். செவ்வந்தி போய் முந்தானையை அகல விரித்து அவர் முன்னால் நின்றுகொண்டார்.

ஒற்றை விரலால் நாலு எண். ஒவ்வொன்றுக்கும் நடுவில் எவ்வளவு நேரம் ஆயிற்று என்று நான் கணக்குப் போடவில்லை.

இரண்டு ஐம்பத்தெட்டுக்குப் பதிவு ஏறியது. அதற்கு அப்புறமும் கொஞ்ச நேரம் யாரும் திரும்பவில்லை. வேடியப்பன் அழுது முடிக்கட்டும் என்று சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.